பதினேழாம் பக்கத்தின் கடைசி வரி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் சங்கத் தலைவர், உயர்திரு வைரவன் செட்டியார் அவர்களே! குருபோங் தோட்டத்திலிருந்து காலையிலேயே புறப்பட்டு வந்து முன் வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த அம்மையாரைப் பெற்ற தெய்வானை அம்மாள் அவர்களே! அவரிடம் படித்த மாணவ மாணவியரே! மலாக்கா, காஜா பெராங் வாழ் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என்னை அறியாதவர்கள் இங்கே அதிகம் இருக்க முடியாது. நான் ராஜரத்தினம். உங்களில் பாதிப் பேர் என்னிடம் கணக்குப் படித்தீர்கள். மீதிப் பேர் என்னிடம் அடி வாங்கினீர்கள். இரண்டையும் பெற்றவர்களும் உண்டு. இன்று நான் பள்ளியின் தலைமையாசிரியர். ஐம்பத்தேழாம் ஆண்டில், நம் நாடு சுதந்திரம் பெற்றபோது, நான் துணைத் தலைமையாசிரியராகவும் இந்தச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சற்று நேரத்தில் இந்த இரண்டு பதவிகளும் உங்களுக்குத் தேவைப்படும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

நம்முடைய ஆசிரியை சாரதாம்பாள் அம்மையார் சென்ற மாதம் பதினோராம் தேதி, குவாலா லிப்பிஸ் நகரில், நுரையீரல் காய்ச்சலால் காலமானார். வயது நாற்பத்தொன்று. அவர் அங்கே போய் ஐந்து வருடம் ஆகிறது. ஏன் அங்கே போனார்? மலாக்காவில் பிறந்து, மலாக்காப் பிள்ளைகளுக்கென்றே படித்து வந்த ஒரு பெண், பகாங் மலைப்பக்கத்தில் தன்னந்தனியாக ஏன் போய் இருந்தார்? இந்தக் கேள்வியை இந்த மண்டபத்தில் எவரும் கேட்கவில்லை. பதில் தெரியும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெரியோர்களே, என் சட்டைப் பையில் இரண்டு தாள் உரை இருக்கிறது. நேற்று எழுதியது. நல்ல தமிழ். 'கல்விக் கடல்' இருக்கிறது, 'ஈடு செய்ய இயலாத இழப்பு' இருக்கிறது. அதை வாசித்துவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போய் உட்காரலாம் என்றுதான் வந்தேன். வாசலில் தெய்வானை அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே சொல்கிறேன்.

"சார், எம்மவ கெணத்துல மருந்தக் கொட்டி ஊரையே படுக்கப் போட்டான்னு இன்னமும் பேசுறாங்க. இப்பக்கூட ரெண்டு பேரு எங்காதுபட சொல்லிட்டுத்தான் உள்ள போனாங்க. அவ அப்படிச் செய்ய மாட்டா சார். நீங்க பெரியவங்க. ஒங்க வாயால ஒரு வார்த்த சொன்னீங்கன்னா ஊரு கேட்டுக்கும்."

ஒரு வார்த்தை! ஐந்து வருடமாக என் தொண்டையில் கிடக்கும் ஒரு வார்த்தை! அந்தத் தாய் என்னிடம் கேட்கிறார்கள், உலகத்தில் வேறு ஆளே இல்லாததுபோல் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அந்த இரண்டு தாளும் பையிலேயே இருக்கட்டும். அந்தத் தாள்களில் இல்லாததைப் பேசப் போகிறேன். தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். தலைவர் அவர்கள் மணியடித்தால், இன்று ஒரு நாள் மட்டும் நான் நிறுத்தப் போவதில்லை.

முதலில் அவர் யார் என்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய தாய் தகப்பனுக்குப் பிறந்தவர். சிங்கப்பூரில் பல்கலைக்கழகப் படிப்புப் படித்துப் பட்டத்தோடு வந்தவர். அன்று நம் பள்ளியின் ஆசிரியர் அறையில் பட்டம் பெற்ற தமிழர் எத்தனை பேர்? அவர் ஒருவர்தான். நான் பகுதிநேரப் பயிற்சி வகுப்பில் தேறியவன். அவர் முதல் நாள் என்னைப் பார்த்து "வணக்கம் சார்" என்று எழுந்து நின்றபோதே எனக்கு உள்ளே ஒரு முள் ஏறிவிட்டது. அதற்குப் பெயர் பொறாமை. வேறு பெயர் வைத்து வைத்துப் பார்த்துவிட்டேன், பொருந்தவில்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டு சனவரியில் அவர் ஒரு வகுப்புத் தொடங்கினார். சனிக்கிழமை காலை, இரண்டாம் படிவப் பிள்ளைகளுக்கு. பதின்மூன்று, பதினான்கு வயது. சொல்லிக் கொடுத்தது எதை? பல்கலைக்கழகத்துக்குப் போகிறவன் படிக்க வேண்டிய பாடத்தை! தண்ணீரும் மண்ணும் புழு பூச்சியும் மனிதனும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்ற பாடத்தை. 'சுற்றுப்புற விஞ்ஞானம்' என்று அவரே பெயர் வைத்தார். ஆசிரியர் அறையில் நான் சொன்னேன், "பேருந்து ஓட்டத் தெரியாத பையனிடம் ஆகாய விமானத்தைக் கொடுக்கிறீர்கள், டீச்சர்." எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு சொன்னார், "பேருந்துதான் சார். தினமும் அவங்க ஏறிப் போற பேருந்து. எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கட்டுமே."

அவருடைய வகுப்பறை எது? காஜா பெராங்கின் கிணறுகள். பிள்ளைகள் ஆளுக்கொரு கிணற்றை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைப் பிங்கான் தட்டில் மூன்று துளை போட்டு, கயிறு கட்டி, கிணற்றுக்குள் இறக்கி, எத்தனை அடியில் தட்டு கண்ணுக்கு மறைகிறது என்று வாரா வாரம் எழுதினார்கள். கிணற்றைச் சுற்றி என்ன இருக்கிறது, மேட்டுப் பக்கம் எது, பள்ளத்துப் பக்கம் எது, மாட்டுக் கொட்டகை எவ்வளவு தூரம், கக்கூஸ் எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் அளந்து வரைந்தார்கள். நம் ஊர்ப் பெண்கள் வாளியும் கையுமாகக் காத்து நிற்பார்கள், "தட்டு கழுவி முடிச்சாச்சாடி?" என்று கேலி செய்வார்கள். சாரதாம்பாள் என்ற பெயர் போய், 'கிணத்து டீச்சர்' என்ற பெயர் வந்தது. அவர் அந்தப் பெயருக்குக் கோபித்துக்கொண்டதே இல்லை.

ஒரு முறை பிள்ளைகளை ஆயர் குரோ காட்டு ஓடைக்கு அழைத்துப் போனார். பெயரைப் பாருங்கள், மலாய் மொழியில் கலங்கல் தண்ணீர். தட்டை இறக்கினால் அடிமணல்வரை தெரிந்ததாம். "பேரை நம்பாதீங்க, கண்ணையும் முழுசா நம்பாதீங்க. தெளிவா இருக்கிற தண்ணியிலயும் காய்ச்சல் இருக்கலாம். அளந்து பாத்துட்டுப் பேசுங்க" என்றாராம். கணக்கு வாத்தியாரான நான் இருபது வருடமாகச் சொல்ல நினைத்து, சொல்லத் தெரியாமல் போன பாடம் அது.

இப்போது இந்த மண்டபத்துக்கு வருவோம். இந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. ஐந்து வருடமாகப் பலகை போட்டு மூடிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் சங்கத்துக்கு அதுதான் தண்ணீர். நம் பக்கத்து வீட்டுக்காரர் ஏகாம்பரம் பிள்ளை அவர்கள், நான்கு தலைமுறைக்கு மேல் இங்கே வாழ்கிற மலாக்கா செட்டிக் குடும்பத்தவர், அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார், அந்தக் கிணற்றில் ஆறு புயு மீன் விட்டிருந்தார். இந்த நாட்டில் வழக்கம்தானே? கொசுப் புழுவை மீன் தின்னும். மீன் உயிரோடு இருந்தால் தண்ணீரில் எவரும் நஞ்சு கலக்கவில்லை என்றும் பொருள்.

அந்தக் கிணற்றை எடுத்துக்கொண்டவள் ஜெயா. அன்று அவளுக்குப் பதின்மூன்று வயது. இன்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கிறாள். ஐந்தாம் வரிசையில் சன்னல் ஓரம் அமர்ந்திருக்கிறாள். உள்ளே வந்ததிலிருந்து என் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவள் பார்க்காமல் இருப்பது நியாயம்.

சுதந்திர நாளன்று இந்த மண்டபத்தில் ஊருக்கே விருந்து என்று முடிவு செய்தோம். நினைவிருக்கிறதா? சர்க்கரைப் பொங்கல், வடை, நீர்மோர். ஆயிரம் பேர் வருவார்கள் என்று சூலை மாதத்தில் மண்டபத்தின் பின்புறம் புதிதாக ஒரு குழிக் கக்கூஸ் வெட்டினோம். இடம் பார்த்துக் கொடுத்தவன் நான். நாடாவைப் பிடித்து அளந்தவனும் நான். சமையல் கொட்டகையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தேன். கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்கவில்லை. முப்பத்தொரு அடி. கிணறு பள்ளத்தில், குழி மேட்டில். வேலைக்கு வந்தவர்கள் அன்றிலிருந்தே அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

முப்பத்தொரு அடி என்று எனக்கு எப்படித் தெரியும்? ஜெயா அளந்து எழுதியிருந்தாள். ஆசிரியை அவளிடம் "மீன் உயிரோட இருக்குதே, தண்ணி நல்லதுதானே?" என்று கேட்டாராம். அவள், "புயு மீன் சேத்துலயே உசுரோட இருக்கும் டீச்சர், அத வச்சு சொல்ல முடியாது" என்றாளாம். பதின்மூன்று வயதில்! பிறகு இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சிறு மூட்டை உப்பை அந்தக் குழியில் கொட்டினார்கள். தினமும் கிணற்று நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்திலிருந்த வெள்ளி மருந்தில் மூன்று சொட்டு விட்டுப் பார்த்தார்கள். உப்பு இருந்தால் தண்ணீர் வெளுக்கும். முதல் நாள் லேசான மூட்டம். நான்காம் நாள் அரிசி கழுவிய தண்ணீர்! மேட்டுப் பக்கத்தில் ஏகாம்பரம் பிள்ளை வீட்டுக் கிணற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சோதித்தார்கள். அது மாறவே இல்லை. குழியில் கொட்டிய உப்பு கிணற்றுக்கு வருகிறதென்றால், குழியில் இருக்கும் மற்றதும் வராதா? இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டுமா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மருந்து சோதனைக் குழாயில்தான் விடப்பட்டது. கிணற்றில் ஒரு சொட்டும் விடப்படவில்லை. அந்த மருந்து விரலில் பட்டால் தோல் கறுத்துப் போகும், சில நாளில் தானே போய்விடும். ஜெயாவின் வலது கை விரல்கள் இரண்டு கறுத்திருந்தன. பின்னால் இந்த விரல்களைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

ஆகஸ்டு இருபத்து நான்காம் தேதி, சனிக்கிழமை காலை, இதே மண்டபத்தில் விருந்துக் குழுவின் கூட்டம். ஆசிரியை ஜெயாவை அழைத்து வந்தார். கையில் சிவப்பு அட்டை போட்ட நோட்டுப் புத்தகம். "சார், பிள்ளை கண்டுபிடிச்சத அவளே வாசிக்கட்டும்" என்றார். பதினேழாம் பக்கம். ஜெயா எழுந்து நின்று வாசித்தாள். தூரம் வாசித்தாள், சரிவு வாசித்தாள், நான்கு நாள் அளவும் வாசித்தாள். கடைசி வரிக்கு வந்தாள்.

நான் என்ன செய்தேன்? "போதும், உட்காரு. பெரியவங்க பேசுற எடம் இது" என்றேன். அவள் வாய் திறந்தபடி நின்றாள். "உட்காருன்னு சொன்னேன்ல!" என்று மேசையைத் தட்டினேன். உட்கார்ந்துவிட்டாள். குழுவில் ஒருவர், "டீச்சரம்மா கக்கூசுக்கு உப்புப் போட்டு ஊறுகா போடுறாங்க போல" என்றார். மண்டபம் சிரித்தது. தலைவர் அவர்களே, தாங்களும் சிரித்தீர்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கி, "படித்துப் பார்க்கிறேன்" என்று என் பையில் வைத்துக்கொண்டேன்.

படித்தேனா? வீட்டுக்குப் போனதும் படித்தேன். கணக்கில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். அந்தப் பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. அது சரி என்று ஆகஸ்டு இருபத்து நான்காம் தேதி மத்தியானமே எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தேன்? கக்கூஸின் தரைக்குச் சிமெண்டு பூசியாகிவிட்டது. அழைப்பிதழ் போய்விட்டது. இடம் காட்டியவன் நான். ஒரு பதின்மூன்று வயதுப் பெண், நான்கு பேர் நடுவில், நான் காட்டிய இடம் தப்பு என்கிறாள். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனால் மனசு உறுத்தியது. அதற்காக ஒன்று செய்தேன். கேளுங்கள், நம்மவனைத் தவிர வேறெவனும் செய்யாத ஒன்று! கிணற்றில் ஏதோ அசுத்தம் என்று பேச்சு வந்துவிட்டது. என்ன அசுத்தம்? என் புத்திக்கு எட்டியது மீன்! புலால் கிடக்கிற தண்ணீரில் சாமிக்குப் படைக்கும் பொங்கலும் மோரும் செய்வதா என்றேன். விருந்துக்கு மூன்று நாள் முன்பு ஆறு மீனையும் வாளியில் பிடித்து எடுக்கச் சொன்னேன். கிணற்றுக்கு மஞ்சள் தெளித்து, மாவிலை கட்டி, சூடம் காட்டினேன். ஏகாம்பரம் பிள்ளை தம் மீன்களை வாளியில் வாங்கிக்கொண்டு, தாம் பேசும் மலாயில் என்னிடம் சொன்னார்: "ஈக்கான் தாடா சாலா, துவான்." மீன் மேல் ஒரு குற்றமும் இல்லை, ஐயா என்றார். உண்மைதான். மீனை வெளியே எடுத்தேன், மலத்தை உள்ளே விட்டேன். சபையில் சொல்லத் தகாத வார்த்தை. செய்யத் தகாததைச் செய்தவன் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகஸ்டு முப்பத்தொன்று. கொடி ஏற்றினோம். 'மெர்டேக்கா' என்று முழங்கினோம். வெயிலுக்கு இதமாக ஆயிரம் பேருக்கு மோர் கொடுத்தோம். பொங்கல் கொதித்த பண்டம், தப்பித்தது. மோர் பச்சைத் தண்ணீரில் கரைத்தது. செவ்வாய்க்கிழமைக்குள் நாற்பத்து மூன்று பேர் வயிற்றுக் கடுப்பில் படுத்துவிட்டார்கள். பதினோரு பேர் ஆஸ்பத்திரியில். அவர்களில் என் சொந்த மகனும் ஒருவன்.

அன்று சாரதாம்பாள் அம்மையார் என்ன செய்தார்? 'நான் அப்போதே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லவில்லை! சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். "கொதிக்க வச்சுக் குடிங்க. கஞ்சியில உப்புப் போட்டு விடாம குடுத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். என் வீட்டுக்கும் வந்தார். என் மகன் தலைமாட்டில் உட்கார்ந்து கரண்டி கரண்டியாகக் கஞ்சி கொடுத்தார். அப்போது அந்தச் சிவப்பு நோட்டு அடுத்த அறை அலமாரியில் இருந்தது. ஒருவரும் இறக்கவில்லை. இத்தனை வருடமாக, 'யாரும் சாகவில்லையே' என்று நானே என்னைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சாகாமல் பார்த்துக்கொண்டவர் அவர்.

புதன்கிழமை சுகாதார அதிகாரி வரப் போகிறார் என்று தெரிந்தது. செவ்வாய் சாயங்காலமே ஆள் வைத்துக் குழியை மண் போட்டு மூடினேன். சிமெண்டைப் பெயர்த்தேன். மேலே வாழைக்கன்று நட்டேன். அந்த வாழை இன்றைக்கும் வருடா வருடம் குலை தள்ளுகிறது. சங்கத்தின் பூசைக்கு அதிலிருந்துதான் பழம் எடுக்கிறோம். நான் மட்டும் அந்தப் பழத்தைத் தொட்டதில்லை. உங்களில் எவருக்கும் அது தெரிந்திருக்காது.

ஆனால் அதிகாரிக்கு ஒரு காரணம் வேண்டுமே! ஜெயாவை என் அறைக்கு அழைத்தேன். கதவைச் சாத்தினேன். "ஒன் வெரல் ஏன் கறுத்திருக்கு?" என்றேன். "மருந்து பட்டுச்சு சார்" என்றாள். "அந்த மருந்துப் பாட்டில் கெணத்துல விழுந்துச்சு இல்ல?" என்றேன். "இல்ல சார், விழல சார்" என்றாள். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் இல்லை என்றாள். நான்காம் முறை நான் கேட்கவில்லை. "ஒன் படிப்பு இந்தப் பள்ளிக்கூடத்தோட முடிஞ்சுடும், பாத்துக்க" என்றேன். ஒரு தாளை நீட்டினேன். 'பாட்டில் கைதவறிக் கிணற்றில் விழுந்தது' என்று அதில் எழுதியிருந்தது. என் கையெழுத்து. அடியில் அவள் பெயரை எழுதினாள். மறுநாள் பள்ளிக் கூட்டத்தில், அறுநூறு பிள்ளைகள் முன்னிலையில், அதை அவள் வாயாலேயே வாசிக்க வைத்தேன். உண்மையை வாசிக்க வந்தபோது உட்காரச் சொன்னவன், பொய்யை வாசிக்க நிற்க வைத்தேன்!

அதன் பிறகு கல்வி இலாகாவுக்கு மூன்று பக்கக் கடிதம். வயதுக்கு மீறிய பாடம். பெண் பிள்ளைகளைக் கக்கூஸ் கக்கூஸாக அழைத்துப் போகிறார். ஆபத்தான மருந்துகளைக் கொடுக்கிறார். இந்த மூன்று குற்றச்சாட்டையும் எழுதியவன் நான். 'ஒரு பெற்றோர்' என்று கையெழுத்திட்டேன். அந்தப் பொய்யும் பாதிதான், எனக்கும் பிள்ளை உண்டல்லவா?

ஒரு மாதத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. புறப்படுகிற அன்று அவர் என் அறைக்கு வந்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. நின்றபடியே பேசினார்.

"சார், ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அந்த நோட்டு ஒங்ககிட்டதான் இருக்கு. அதக் கிழிச்சிடாதீங்க. அதுல உள்ள கணக்கு சரி."

நான் கேட்டேன், வெட்கம் கெட்டுக் கேட்டேன்: "நீங்க ஏன் அதிகாரிகிட்ட சொல்லல, டீச்சர்?"

"நான் வாயத் தொறந்தா ஜெயா பொய் சொன்னவளா ஆயிடுவா சார். அறுநூறு பேர் முன்னாடி வாசிச்சிருக்கா. எனக்கு வேற ஊரு கெடைக்கும். அவளுக்கு இந்த ஊருதானே?"

இவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்குப் போனார். நான் வழியனுப்பக்கூடப் போகவில்லை. ஐந்து வருடத்தில் ஒரு கடிதம் எழுதவில்லை. எழுதலாம், எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். குவாலா லிப்பிஸிலிருந்து தந்தி வந்த அன்றுதான் இனி எழுத முடியாது என்று புரிந்தது.

தெய்வானை அம்மாள் அவர்களே! நீங்கள் கேட்ட ஒரு வார்த்தை இதோ. உங்கள் மகள் கிணற்றில் எதையும் கொட்டவில்லை. உங்கள் மகள் இந்த ஊரைக் காப்பாற்ற வந்தார். ஊரைப் படுக்கப் போட்டவன் நான். அந்தப் பழியை உங்கள் மகள் தலையில் வைத்தவனும் நான். நீங்கள் வாசலில் பிடித்துக்கொண்டது அந்தக் கையைத்தான். என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்கவும் மாட்டேன். ஊர் கேட்டுக்கொண்டது என்பதை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டு போங்கள்.

பெருமக்களே! இனி எவராவது காஜா பெராங்கில் 'கிணத்து விசயம்' என்று பேசினால், அதற்குப் பக்கத்தில் என் பெயரைச் சொல்லுங்கள். அவர் பெயரைச் சொல்லாதீர்கள். இங்கே சொன்னவை அனைத்தையும் தந்தி வந்த பிறகு எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். இன்று காலை அதைக் கல்வி இலாகாவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டியவன், அஞ்சலகத்தின் வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். அவ்வளவு கோழை நான். தலைவர் அவர்களே, அந்த உறையை உங்கள் மேசைமேல் வைக்கிறேன். நாளைக் காலையில் தாங்களே அனுப்பிவிடுங்கள். இலாகா எனக்கு என்ன செய்கிறதோ, செய்யட்டும்.

அவருடைய வேலை நின்றுபோகக் கூடாது. நான் தலைமையாசிரியர் நாற்காலியில் இருக்கும்வரை, அது இன்னும் ஒரு வாரமோ இரண்டு வாரமோ, வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வகுப்பு மீண்டும் கூடும். இரண்டாம் படிவப் பிள்ளைகளுக்கு, அதே பாடம், வயதுக்கு மீறிய அதே பாடம்! விடுமுறைக்கு வந்திருக்கும் அவருடைய பழைய மாணவர்கள் நடத்திக் கொடுக்க வேண்டும் என்று கை கூப்பிக் கேட்கிறேன். முதலில் பின்னால் இருக்கிற கிணற்றின் பலகையைத் திறப்போம். ஏகாம்பரம் பிள்ளை அவர்களே, மீன் கொடுப்பீர்களா? உப்பு மூட்டையைச் சுமந்து வருவது என் வேலை.

இதோ, அந்தச் சிவப்பு நோட்டு. கிழிக்கவில்லை, டீச்சர். அந்த ஒன்றையாவது செய்தேன்.

ஜெயா, இந்தப் பதினேழாம் பக்கத்தில் கடைசி வரி ஒன்று பாக்கி இருக்கிறது, அம்மா. இந்த மண்டபத்தில் அதை இன்னும் எவரும் கேட்கவில்லை. நான் வாசிக்கலாம், ஆனால் அது என்னுடையது இல்லை. நீ மேடைக்கு வா. உன் ஆசிரியை அன்று உன்னை நிற்கச் சொன்ன இடத்தில் வந்து நில். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசி. யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நான் உட்காருகிறேன்.